இடப்பக்கம் காற்று

2024, ஜூன் 12

காற்று தொடங்கிவிட்டது. கோம்பையிலிருந்து வரும் பேருந்தில் எந்த ஜன்னல் கண்ணாடியும் நிற்பதில்லை. தேவாரம் தாண்டியதிலிருந்து தேனி வரை ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வழக்கமான இருக்கை. இடது ஜன்னல்.

கடையில் காலையில் ஒரே ஒரு வியாபாரம். காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் காலிச் சாக்கோடு வந்தார். பழைய கேசட் வேண்டும். எந்தப் பாட்டு என்று கேட்டுவிட்டேன். இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தும் அந்தக் கேள்வி தானாக வருகிறது.

"பாட்டு எதுனாலும் சரித்தா. நீளமானதாப் பாத்துக் குடு."

கேசட் நாடாவை உருவித் திராட்சைப் பந்தலுக்கு மேலே இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ரென்று அலறும். கிளி அண்டாது. தொண்ணூறு நிமிடக் கேசட்டுகளாகப் பொறுக்கி எடை போட்டுக் கொடுத்தேன். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மதியத்துக்கு மேல் என் வேலை. உள்ளறை, பிளேயர், ஹெட்போன். கடை முதலாளி தங்கப்பாண்டியன் அண்ணன் வீடு வீடாகப் போய், மேகமலை எஸ்டேட் பங்களாக்கள்வரை போய், வாங்கிவரும் எல்பி ரெக்கார்டுகளை நான் முழுக்கக் கேட்க வேண்டும். கீறல் எங்கே, தேய்வு எங்கே, எந்தப் பாட்டில் ஊசி தாவுகிறது. உறையின் மூலையில் எழுதி ஒட்டுவேன். அடியில் அச்சடித்திருக்கும்: ஹேமா கேட்டது.

அந்த வரி அண்ணனின் யோசனை. கொச்சியில் ரெக்கார்டு வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார், விலையைக் கேட்பதற்கு முன் போனில் அதைத்தான் கேட்பார். "ஹேமா கேட்டதாணோ?"

எம்.ஏ. தத்துவம். இரண்டு முறை தவறிய தகுதித் தேர்வு. அதற்கெல்லாம் பிறகு, என் பெயர் அச்சில் இருக்கும் ஒரே இடம் அந்த ஸ்டிக்கர்.

ஜூன் 19

தேவதானப்பட்டியிலிருந்து ஒச்சாண்டி என்று ஒருவர், ஒரு தகரப் பெட்டியோடு. மைக் செட் வைத்திருந்தவர் என்று அண்ணன் அறிமுகப்படுத்தினார். வந்தவர் கோபித்துக்கொண்டார். இப்போதும் வைத்திருக்கிறாராம். பென் டிரைவில் ஓட்டுகிறாராம். ரெக்கார்டுதான் சும்மா கிடக்கிறது.

"இது வெல போச்சுன்னா வீட்ல இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு. அது இதவிட நல்லது. பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

அண்ணன் என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ள கேட்டுச் சொல்லட்டும்."

ஜூன் 24

ஒச்சாண்டியின் பெட்டி முழுக்க இடப்பக்கம் மங்கல். எல்லாவற்றிலும். வலப்பக்கம் தெளிவு, இடப்பக்கம் ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி. கல்யாண வீடுகளில் பழைய ஊசியோடு ஆயிரம் முறை ஓடியவை, தேயத்தான் செய்யும். எழுதினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். சொன்னேன். நம்பவில்லை.

"கொழாய் ஸ்பீக்கருக்கு ஏதும்மா எடது வலது? ஒரே வாய்தான."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விளக்கினேன். ஊசி ஓடும் கோட்டின் இரண்டு சுவர்கள், ஒவ்வொரு சுவரிலும் ஒரு பக்கத்து ஓசை, ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு சுவர் மட்டும் தேயும். வகுப்பு எடுப்பது போலப் பேசினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "படிச்ச பிள்ள சொல்லுது" என்றார். அண்ணன் சொன்ன விலைக்குப் பெட்டியைக் கொடுத்தார். மற்ற இரண்டு பெட்டிகளும் வேண்டாம் என்று அண்ணன் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூலை 3

எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த எல்பி. உறைகூடப் பிரிக்காதது. அதிலும் இடப்பக்கம் மங்கல்.

அப்படியென்றால் ஊசி. அண்ணனிடம் சொன்னேன். மதுரையில் புது ஊசிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜூலை 9

புது ஊசி. அதே மங்கல்.

கம்பியாக இருக்கும் என்று அண்ணன் பற்றவைத்துப் பார்த்தார். அதே மங்கல். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றித் தூசி ஊதினார். காற்றுக்குக் கடையின் ஷட்டர் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்?

ஜூலை 15

எழுத வேண்டும். வரிசையாக எழுதினால் ஒருவேளை.

அண்ணன் ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முழுக்க.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான கேக்குது. நீ கேளு."

வாங்கினேன். மங்கல். அப்போது — ஏன் அப்படிச் செய்தேன் — ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இடது வலதிலும் வலது இடதிலும்.

மங்கல் நகரவில்லை. என் இடப்பக்கத்திலேயே நின்றது. இதுவரை காணாமல் போயிருந்த வயலின்கள் எல்லாம் வலது காதில். சுத்தமாக. ஒரு கீறல் இல்லாமல்.

ரெக்கார்டு இல்லை. ஊசி இல்லை. கம்பி இல்லை.

"இப்ப எப்படி?" என்றார் அண்ணன்.

"சரியாப் போச்சுண்ணே" என்றேன்.

ஜூலை 16

வீட்டில் எல்லா ஜன்னலையும் அடைத்தேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். வலது காதைப் பொத்தினேன்.

இடப்பக்கம் காற்று வீசுகிறது.

எத்தனை நாளாக? ஒரு மாதமாக எல்லோர் வீட்டிலும் காற்று. பேருந்தில், கடையில், பந்தலில். எனக்குள் ஒன்று தனியாக வீசிக்கொண்டிருந்ததை எப்படிப் பிரித்தறிவது? யார்தான் அறிவார்?

அம்மா வந்து பார்த்தது. "என்னத்துக்கு வீட்டப் பூட்டிக்கிட்டு உக்காந்துருக்க. வெக்கையா இல்ல?"

ஜூலை 18

மதுரை. காது மருத்துவமனை. கண்ணாடி அறை. அங்கும் ஹெட்போன்.

ஓசை கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் பரிசோதிக்கும் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அழுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நரம்பு என்றார் மருத்துவர். எப்போதிலிருந்து என்று கேட்டார். தெரியாது, காற்று என்று நினைத்துவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் ஊரில் காற்று இல்லை போல.

முதல் வாரத்திலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். இனி அது திரும்பாது. ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. வலது காது?

"இப்ப நல்லா இருக்கு. பாத்துக்கங்க. ஹெட்போன் மட்டும் வேண்டாம்."

காதை எப்படிப் பார்த்துக்கொள்வது.

திரும்பும் பேருந்தில் ஆண்டிப்பட்டி கணவாய் வரை அம்மா என் இடது பக்கத்தில் இருந்தது. பிறகு என் வலது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தது. "வெளிய யார்ட்டயும் சொல்லிராத, ஆத்தா. கடைக்காரர்ட்டயும்தான்."

ஜூலை 27

ஹெட்போன் போடாமல் என் வேலை இல்லை. என் வேலை இல்லாமல்?

வழி ஒன்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை ஓட்டுகிறேன். முதலில் சரியாக மாட்டி, பிறகு திருப்பி மாட்டி. இடமும் வலமும் ஒரே காதில், ஒன்றன் பின் ஒன்றாக. கீறல் எதுவும் தப்பவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அது பொய்யில்லை.

ஆனால் முன்பு பாடுகிறவர் நடுவில் நின்றார். நெற்றிக்குள்ளே, இரண்டு கண்ணுக்கும் இடையில். கேட்டவர்களுக்குத் தெரியும். யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் நின்று பாடுவார்.

இப்போது நெற்றியில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 2

ஒச்சாண்டியின் பெட்டியை மறுபடி எடுத்தேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தேய்வு இல்லை. ஒன்றில்கூட இல்லை. மனுஷன் மைக் செட்டில் போட்டதை இப்படியா வைத்திருந்தார்? "பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்." என் ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பழைய ஊசியால் வந்த தப்பு என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். நமக்கு நல்லதுதானே, பாதிப் பெட்டி கொச்சிக்குப் போகட்டும் என்றார். ஒச்சாண்டி அய்யாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"அவருகிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு. மறந்திருப்பாரு."

ஆகஸ்ட் 18

சின்னமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு இரண்டு நாளைக்கு முன்தான் தெரியும். அம்மா நாற்காலிகளை எல்லாம் ஒரு பக்கமாகப் போட்டு, என்னைச் சுவரோரம் இடது தோள் இடிக்க உட்காரவைத்தது. எல்லோரும் வலப்பக்கம் வரும்படி. ஒத்திகைகூட நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா புகைப்படங்களைப் பார்க்க எழுந்திருக்கிறார். எனக்குப் பின்னால், இடப்புறமாக நின்று ஏதோ கேட்டிருக்கிறார். மறுபடியும் கேட்டிருக்கிறார். நான் எதிரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று சாயங்காலமே சொல்லி அனுப்பினார்கள். படிச்ச பொண்ணு, மண்டக்கனம் ஜாஸ்தி, பெரியவக கேட்டா பதில் வராதாம்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னது: "மண்டக்கனம்னுதான சொன்னாக. செவிடுன்னு சொல்லலைல்ல."

அதன் குரலில் நிம்மதி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 30

ஒன்றும் படிக்க முடியவில்லை. மௌனத்தைப் பற்றி எம்.ஏ.வில் முப்பது பக்கம் எழுதினேன். என்ன தெரிந்து எழுதினேன்? மௌனம் என்று ஒன்று எனக்கு இனி இல்லை. சாகும்வரை காற்று.

செப்டம்பர் 23

காலையில் பேருந்தில் யாரும் கண்ணாடியைப் பிடிக்கவில்லை. போடி தாண்டித் தென்னைகள் எல்லாம் அசையாமல் நின்றன. ஓர் ஓலைகூட ஆடவில்லை.

எனக்கு நிற்கவில்லை.

மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அசையாத மரத்தில் காற்றைக் கேட்டுக்கொண்டு. பக்கத்தில் இருந்த பெண் என்னம்மா அழுகிறாய் என்றாள். தூசி என்றேன். தூசி பறக்கக் காற்று வேண்டுமே என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

அக்டோபர் 6

அண்ணனுக்குத் தெரியாமல் தேவதானப்பட்டி போனேன். பையில் ஒச்சாண்டி அய்யாவின் எல்பி ஒன்று. கொச்சிக்குப் போகாமல் மிஞ்சியதில் நல்லது.

வீட்டில் இல்லை, காட்டில் இருக்கிறார் என்றார்கள். மக்காச்சோளக் காடு. கதிர் பிடித்திருந்தது. வரப்பில் ஏறியதும் பார்த்தேன்.

கம்புகள். கம்புகளுக்கு இடையே கயிறு. கயிறு நெடுக ரெக்கார்டுகள். நடுத் துளையில் நூல் கோத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் உருகி, அப்பளம் போல ஓரம் சுருண்டு, வளைந்து. ஒரு பெட்டியல்ல, இரண்டு பெட்டியும் இருக்கும். ஒன்றின் நடுவில் சிவப்புத் தாள் இன்னும் உரியாமல் இருந்தது. அதன்மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு மைனா பயப்படல. கிளிக்குக் கொஞ்சம் பயமிருக்கு. தொள இருக்குல்ல, கட்ட வசதி" என்றபடி வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் வரப்பிலேயே நின்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஊசி என்று சொல்லவில்லை. காது என்று சொன்னேன். அம்மாவையும் மருத்துவரையும் தவிர இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உங்கள் ரெக்கார்டில் ஒரு குறையும் இல்லை அய்யா, என்னிடம்தான்.

கயிற்றைப் பார்த்தார்.

"அப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாய்யா."

"ஏம்மா, காது போனது ஒனக்கு. தண்டன எனக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். அழுதேன் — அசிங்கமாக, வரப்பில் உட்கார்ந்து. அவர் தேற்றவில்லை. என் பையிலிருந்து எல்பியை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், கதிர் காயப்போடும் சிமெண்ட் தளத்துக்கு நடந்தார். என்னை வா என்றும் சொல்லவில்லை. போனேன்.

தளத்தில் அவருடைய பழைய செட். வேப்பமரத்தில் குழாய், காட்டைப் பார்த்து. போட்டார்.

முழுசாகக் கேட்டது. வயலின், தாளம், பாட்டு, எல்லாம் ஒரே வாயிலிருந்து ஒன்றாக. இடம் இல்லை, வலம் இல்லை. நான்கு மாதத்தில் முதல்முறை எனக்கு எதுவும் குறையவில்லை. அவருக்கும் அதே பாட்டுதான் கேட்டது. மைனாவுக்கும்.

முடிந்ததும் ரெக்கார்டை உறையில் போட்டுத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது விக்கிறதுக்கில்ல. கடக்காரன்ட்ட சொல்லிரு."

அக்டோபர் 7

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஒச்சாண்டி அய்யாவிடம் சொன்ன பிறகு இவரிடம் மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினார். "டாக்டர் வேணாம்னு சொல்லி எத்தன மாசமா போட்டுருக்க? கிறுக்கா ஒனக்கு?" பிளேயரை நிறுத்தினார். ஷட்டரைப் பாதி இறக்கினார், யாரோ செத்துவிட்ட மாதிரி.

பிறகு, வியாபாரி அல்லவா, மெதுவாகக் கேட்டார். "அப்ப ஸ்டிக்கர்ல என்ன போட?"

இரண்டு முறை ஓட்டிக் கேட்டதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, அப்படியே போகட்டும், யாருக்குத் தெரியும் என்றார். ஹெட்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கரில் கேளேன் என்றார். ஸ்பீக்கரில் ஒரு காதால் கேட்டுக் கீறலைச் சொல்ல முடியாது அண்ணே. முடியும் என்று சொன்னால் இன்னொருவர் காட்டில் போய்த் தொங்கும்.

மீதி ஸ்டிக்கர் தாள்களை மேசைமேல் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

டிசம்பர் 4

கடையின் முன்பக்கம் வந்துவிட்டேன். கேசட் எடை போடுகிறேன். மழை.

டிசம்பர் 11

கொச்சிக்காரர் போன். நான்தான் எடுத்தேன். என் குரல் அவருக்குத் தெரியாது.

"ஹேமா கேட்டதாணோ?"

"இல்ல சார். ஹேமா கேக்கல."

2025, பிப்ரவரி 9

அம்மா எங்கே போனாலும் என் வலப்பக்கம் நடக்கிறது. சாலையோரமாக நடந்தால் லாரி பக்கம் அதுதான். நான் மாறச் சொன்னேன். கேட்கவில்லை. அது திராட்சை பறிக்கப் போகிற இடத்தில் யாரோ சொன்னார்களாம், நாட்டு மருந்து ஒன்று இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். "ஒனக்கு எதுதான் வேணும்" என்றது.

மார்ச் 21

மதுரை. மறு பரிசோதனை. இடது அப்படியே. வலது காதுக்கான தாளில் கோடு நேராகப் போய், கடைசியில், உச்ச ஓசைகளில், லேசாகக் கீழே இறங்குகிறது.

"இது ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். கவனிப்போம்" என்றார் மருத்துவர். "புதுசா இரைச்சல் கேட்டா ஒடனே வாங்க. இந்தத் தடவ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது."

இரைச்சல் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

தினமும் எழுந்ததும் இடதைப் பொத்தி, வலதால் கேட்கிறேன். குழாய்த் தண்ணீர். அம்மாவின் இருமல். கோழி. இவை போதும். இவை மட்டும் போதும் என்று யாரிடம் மன்றாடுவது?

மே 19

கடையில் ஒச்சாண்டி அய்யா. பென் டிரைவ் வாங்க வந்தவர், என் வலப்பக்கமாகச் சுற்றிவந்து நின்று பேசினார். கோவில் திருவிழாவுக்கு செட் கேட்டிருக்கிறார்களாம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "அந்த ரெக்கார்டு ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

ஜூன் 1

ஞாயிறு. மதியம், வீட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். ஜன்னல் அடைத்திருந்தது.

வலப்பக்கம்.

முதலில் மெல்லியது. பிறகு தொடர்ச்சியாக. அதே ஓசை. எனக்குத் தெரியாதா அந்த ஓசை? ஒரு வருடமாக இடப்பக்கம் குடியிருக்கிறதே. எழுந்து ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும். மரம் அசைகிறதா என்று ஒரே ஒரு பார்வை. எழ முடியவில்லை. மரம் அசையாமல் நின்றால்?

அம்மா புழக்கடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, வெளிய காத்தா?"

பதில் இல்லை. பதில் வந்தும் எனக்குக் கேட்கவில்லையா?

"அம்மா. வெளிய காத்தடிக்குதாம்மா?"

வாசற்படியில் வந்து நின்றது. முடியெல்லாம் கலைந்து, முகத்தில் விழுந்து, கையில் காலிக் கொடிக்கயிறு.

"இதென்ன கேள்வி. என் சேல பறந்து முத்துவீரன் வீட்டு முருங்கையில கெடக்கு. எந்திரிச்சு வந்து எடு, ஆத்தா."

போனேன். முருங்கை முறிந்துவிடுவது போல ஆடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் திராட்சைப் பந்தலின் மேலே நாடாக்கள் அலறின. கடையில் நான் எடை போட்டுக் கொடுத்தவையாகவும் இருக்கும். முத்துவீரன் அண்ணன் கம்பால் சேலையைத் தள்ளிவிட்டார். நான் பிடித்தேன்.

அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சேலையை மடித்தோம். காற்று பிடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா ஏதோ சொன்னது, கேட்கவில்லை, யாருக்கும் கேட்டிருக்காது.

புரட்டாசியில் காற்று நிற்கும். அதுவரை, வலப்பக்கம் வீசுவது எந்தக் காற்று என்று தெரியாது.